மேக்கப் வேண்டாம் என்கிற அம்மா, கிரீம் மட்டும் ஏன் கேட்கிறார்?

நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு 61 வயது, திருமங்கலம் பக்கத்துக் கிராமம், அப்பா தவறி மூன்று வருடம். வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். "அம்மா, உனக்கும் சேர்த்து மேக்கப்புக்கு ஆள் சொல்லட்டுமா" என்று கேட்டதற்கு, "சிங்காரிச்சுக்கிட்டு நிக்க நான் என்ன கல்யாணப் பொண்ணா, ஊரு சிரிக்கவா?" என்று சீறியிருக்கிறார். அதே அம்மா மறுவாரம் போன் பண்ணி, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கிரீமுக்குக் கன்னத்துக் கருப்பு நன்றாகக் கேட்கிறது, பெங்களூரில் கிடைத்தால் ரெண்டு டியூப் வாங்கிட்டு வா என்கிறார். வயதான பெண்களுக்கு அலங்காரத்தில் ஆசை உண்டா இல்லையா, வற்புறுத்தலாமா, அந்த வயதுக்கு எது பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்தவரை உங்களைக் குடைவது வேறு. அம்மாவின் "வேண்டாம்" முகத்தைப் பார்த்துச் சொன்னதா, ஊரைப் பார்த்துச் சொன்னதா என்பதுதான் அது. நீங்கள் கேட்காமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது: அந்த டியூபில் என்ன மருந்து? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மதுரையில் 26 வருடமாக பார்லர் வைத்திருக்கிறேன். புருவம் திருத்துவதில் ஆரம்பித்துக் கல்யாண அலங்காரம் வரை எல்லாம் செய்கிறேன். தோல் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் நான் சொல்வது, பயிற்சியில் படித்ததும், என்னிடம் வந்தவர்களை டாக்டரிடம் அனுப்பி அவர்கள் திரும்பி வந்து சொன்னதும்தான். மனசு விஷயம் இந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டது.

முதலில் "மேக்கப்" என்கிற வார்த்தை. உங்கள் அம்மா வயதுக்காரர்கள் எங்கள் பக்கத்தில் மேக்கப்பை முதலில் பார்த்தது கல்யாண வீட்டில் இல்லை, நாடகக் கொட்டகையில். ஊர்ப் பொங்கலுக்கு விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ரோஸ் பவுடரைக் குழைத்து அப்பிக்கொண்டிருக்கும் நாடகக்காரம்மாவை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அது அரிதாரம், அது வேஷம். வேஷம் கட்டுகிற பொம்பளையை ஊர் எப்படிப் பேசும் என்பதும் கூடவே காதில் விழுந்திருக்கும். ஆனால் மஞ்சள் பூசிக் குளித்ததையும், குட்டிகூரா பவுடர் போட்டதையும், கண்ணுக்கு மை எழுதியதையும், ரெண்டு முழம் மல்லிகை வைத்ததையும் அவர்கள் ஒருநாளும் மேக்கப் கணக்கில் சேர்த்ததில்லை. அதெல்லாம் "லெச்சணமா இருக்கறது". நீங்கள் மேக்கப்புக்கு ஆள் சொல்லட்டுமா என்றது, "உனக்கு வேஷம் கட்டட்டுமா" என்று அவர் காதில் விழுந்திருக்கவும் கூடும்.

என் அப்பத்தாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். காது ரெண்டும் தோளைத் தொடும். சின்னப் பிள்ளையில் குணுக்குப் போட்டு இழுத்து வளர்த்த காது. அதில் தண்டட்டி. மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. அவர் தலையாட்டிப் பேசினால் தண்டட்டியும் சேர்ந்து பேசும். கொல்லையில் மஞ்சள் உரசுகிற கல் ஒன்று கிடந்தது. மூன்று தலைமுறை உரசி நடுவில் உள்ளங்கை அளவுக்குக் குழி. 70 வயதிலும் காலையில் அந்தக் குழியில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கிழங்கை உரசுவார். அவர் முகத்தில் சுருக்கம் இல்லாத இடமே கிடையாது, ஆனால் "எனக்கு வயசாயிருச்சு, அழகு போச்சு" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கிழவிக்கென்று ஓர் அழகு அன்றைக்கு இருந்தது. வடித்த காதும் பாம்படமும் பச்சைக் குத்தும் வெள்ளைக் கொண்டையும் சேர்ந்த அழகு. அடுத்த தலைமுறை அதைப் பட்டிக்காடு என்று ஒதுக்கியது. என் அம்மா கல்யாணத்துக்கு முன்பே காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர். உங்கள் அம்மா அதற்கும் பிந்தியவர். பாட்டியின் அழகு கையை விட்டுப் போயிற்று. பார்லர் வருவதற்குள் வயது போயிற்று. ரெண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட ஆட்கள் இவர்கள் என்பது என் கணிப்பு.

இதற்கு மேல் அப்பா இல்லாதது. எங்கள் பக்கத்தில் மஞ்சள், குங்குமம், பூ மூன்றும் அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை, புருஷன் இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகவும் இருந்தன. அதனால் அவர் போன அன்றைக்கு அலங்காரமும் சேர்ந்து போனது. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை. சில வீடுகளில் குங்குமத்துக்குப் பதிலாகச் சின்னக் கருப்புப் பொட்டு, சில வீடுகளில் வெறும் திருநீறு. பூ விஷயத்தில் மட்டும் இன்றைக்கும் இளக்கம் குறைவு. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. அதைத் தலையில் வைக்க ஒரு பெண்ணுக்கு ஊர் அனுமதி வேண்டியிருக்கிறது. மீனாட்சி திருக்கல்யாணத்தன்று மதுரையில் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். டிவி முன்னால் உட்கார்ந்து மாற்றுகிற வீடுகளும் உண்டு. அந்த நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதே ஊரில் 65 வயது மாமா மீசைக்கு டை அடித்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

நாலு வருடம் முன்னால் ஓர் அம்மாவை மகள் கூட்டிவந்தார். 58 வயது இருக்கும். வீட்டுக்காரர் இல்லை. அக்கா மகன் கல்யாணம். முகத்தில் கை வைக்கவே விடவில்லை, "தலையை மட்டும் சீவி விடும்மா" என்றார். முடி எலிவால் மாதிரி இருந்தது. உள்ளே சின்னதாகச் சவுரி கொடுத்துக் கொண்டை போட்டேன். பழக்கதோஷத்தில் கை மேஜையில் இருந்த மல்லிகைக்குப் போனது. கண்ணாடியில் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பூ வேணாம்மா. கொண்டை நல்லா இருக்கு." அப்புறம் கைக்கண்ணாடி கேட்டு வாங்கி, பின்னால் பிடித்து, கொண்டையை ஒரு தடவை பார்த்தார். மகள் பணம் எடுக்கப் போன நேரத்தில் இன்னொரு தடவை பார்த்தார். ஆசை இல்லாதவர் எதற்கு ரெண்டாவது தடவை பார்க்கிறார்?

எல்லோரும் இப்படி என்று சொல்லிவிட மாட்டேன். "அப்பாடா, இனிமே யாரு நம்மளைப் பாக்கப் போறா" என்று நிம்மதியாகச் சொல்கிற பெண்களும் வருகிறார்கள், பேத்திக்குத் துணையாக. நாற்பது வருடம் நாத்தனாரும் மாமியாரும் பார்ப்பதற்காகவே உடுத்தி, சலித்துப் போனவர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தோண்டிப் பார்த்து ஆசையைக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் அம்மா எந்த வகை என்பதற்குக் குறிப்பு அந்தக் கிரீமில் இருக்கிறது. நீங்கள் முரண் என்று நினைக்கிறீர்கள், எனக்கு முரணாகத் தெரியவில்லை. கன்னத்துக் கருப்பு வியாதி, கிரீம் மருந்து. மருந்து போடுகிறவளைப் பார்த்து ஊர் சிரிக்காது. என்னிடம் வருகிற பெரியவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். "தோல் வறண்டு அரிக்குது, ஏதாச்சும் செய்யேன்" என்பார்கள். "முகம் நல்லா தெரியணும்" என்று வாய்விட்டுச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் மதுரைக்காரியாக ஒன்று சொல்ல வேண்டும். 1976ல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இங்கே இருப்பதால், சுற்றுப்பட்டியில் கண் ஆபரேஷன் முடித்த கிழவி இல்லாத தெரு குறைவு. கண்புரை வந்தால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளித்துப் புகைந்துவிடும். கண்ணாடியில் தன் சுருக்கமும் தெரியாது, பவுடர் திட்டுத் திட்டாக அப்பியிருப்பதும் தெரியாது. வயதான அம்மா கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக வந்து நின்றால் கேலி பண்ணாமல் முதலில் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு நடப்பது இன்னும் விசேஷம். மேலூர் பக்கத்து ஆச்சி ஒருவர் ஆபரேஷன் ஆன மறுமாதம் பார்லருக்கு வந்து உட்கார்ந்தார். என் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கெழவியாவா ஆயிட்டேன்? யாருமே சொல்லலையே" என்றார். ஏழெட்டு வருடத்து வயது ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ரொம்ப நேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு டாக்டர் சொல்கிறவரை மை, ஐலைனர் எதுவும் கண் பக்கம் போகக்கூடாது. உங்கள் அம்மாவுக்கும் அண்மையில் ஆகியிருந்தால் அலங்காரம் செய்கிற பெண்ணிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி தோல். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதோடு தோலைத் தாங்கிப் பிடிக்கிற கொலாஜனும் குறைகிறது. முதல் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது என்பது தோல் மருத்துவர்கள் சொல்கிற கணக்கு. எண்ணெய்ப் பசையும் குறைவதால் தோல் காகிதம் மாதிரி ஆகும். நம் நிறத்துக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை, சுருக்கம் தாமதமாகத்தான் விழும். அதற்குப் பதிலாக நிறம் முந்திக்கொண்டு மாறும். கன்னத்திலும் மூக்கிலும் மங்கு என்கிற கருந்திட்டு படரும், மிளகு தூவினாற்போல் மரு வரும். அந்த மரு பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஊரில் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்து எடுப்பார்கள். மரு போகும், வடு நிற்கும். திடீரென்று ஒரேயடியாக நிறைய வந்தாலோ, ஒன்று மட்டும் வளர்ந்து ரத்தம் கசிந்தாலோ டாக்டரிடம் போக வேண்டும். பின்கழுத்து கருத்துத் தடித்திருந்தால் அழுக்கென்று தேய்க்காமல் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். தாடையில் நாலு முடி முளைப்பதும் ஹார்மோன் மாற்றம்தான். நூல் போட்டு எடுக்கலாம், எடுத்தால் அடர்த்தியாகும் என்பது பொய். சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் வேக்ஸ் போடுவதில்லை. தோல் உரிந்தால் ஆற நாளாகும்.

நெற்றியில் பொட்டு வைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தால் வெண்குஷ்டம் என்று பதற வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு நிறம் தருகிற அணுக்களையே கொன்றுவிடுகிறது. பொட்டை நிறுத்தி டாக்டரிடம் காட்டினால் பலருக்கு நிறம் திரும்பும். முந்திப்பிடித்தால் நல்லது. சுத்தமான குங்குமம் என்பது மஞ்சள்தான். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அந்த வித்தையில் செய்வது. சாயம் கலந்து மலிவாக விற்பது வேறு.

ஹேர் டையில் "அமோனியா இல்லை" என்ற எழுத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். அலர்ஜி கொடுப்பது பெரும்பாலும் பிபிடி என்கிற பொருள். கருப்பு மெஹந்தி, மூலிகை டை என்று விற்பதிலும் அது இருக்கும். மருதாணி தனியாக ஒருநாளும் கருப்பு கொடுக்காது, செம்பட்டைதான். கருக்க வேண்டுமானால் அவுரிப் பொடி சேர வேண்டும். பத்து வருடம் ஒத்துக்கொண்ட டை பதினோராவது வருடம் கண்ணிமை வீங்க வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். காதுக்குப் பின்னால் துளி வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுவதே முறை. கல்யாணத்துக்கு முந்தின நாள் டை அடிப்பது ஆபத்தான விளையாட்டு.

கஸ்தூரி மஞ்சள் முடியைக் குறைக்கும், தக்காளி மங்கை எடுக்கும், ஃபேஷியல் பத்து வயது குறைக்கும் என்பதெல்லாம் சந்தேகக் கணக்கில் போக வேண்டியவை. ஃபேஷியல் செய்து பிழைக்கிற நானே சொல்கிறேன். முகம் ரெண்டு மூன்று நாள் பளிச்சென்று இருக்கும், மனசு ஒரு வாரம் லேசாக இருக்கும், சுருக்கம் அங்கேயேதான் இருக்கும். நிச்சயமாகப் பலன் தருவது விலை குறைந்தவைதான். குளித்த ஈரத்தோடு மாய்ஸ்சரைசர், வெயிலுக்கு முந்தானையோ குடையோ, எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன். மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறத்தில் வருகிற சன்ஸ்க்ரீன் வெள்ளையாக வருவதைவிட நல்லது. அதில் சேர்க்கிற இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும். மங்கைக் கிளப்புவதில் அந்த வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு.

கல்யாணத்துக்கு வருவோம். அம்மாவிடம் மறுபடி ஒரு தடவை மட்டும் கேளுங்கள், அதுவும் ஆள் இல்லாத நேரத்தில். சித்தியோ அத்தையோ பக்கத்தில் இருந்தால் அவர் "வேண்டாம்" என்று சொல்லியே ஆக வேண்டும், அது அவருக்கு மானப் பிரச்சினை. மேக்கப் என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். "போட்டோல முகம் கருத்துத் தெரியாம இருக்க லேசா ஏதாச்சும் போட்டு விடச் சொல்லவா" என்று கேளுங்கள். தலையிலிருந்து ஆரம்பியுங்கள், முகத்திலிருந்து வேண்டாம். கொண்டையும் சேலைக் கட்டும் யாரும் குறை சொல்ல முடியாத இடங்கள். காது அறுந்திருந்தால் அதைத் தைத்துக் கம்மல் போட வேண்டும் என்கிற ஆசை ரொம்பப் பேருக்கு உள்ளுக்குள் இருக்கும். மரக்க ஊசி போட்டு டாக்டர் தைப்பது சின்ன வேலை, ஆனால் ஆறி மறுபடி குத்த மாதக்கணக்கில் ஆகும், வைகாசிக்குள் முடியாது. பார்லரில் பசை வைத்து ஒட்டுகிறோம் என்பார்கள். நான் செய்வதில்லை.

ஒத்துக்கொண்டால் பத்து நாள் முன்னால் வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். பிடிக்கவில்லையென்றால் கழுவிவிடலாம், யாருக்கும் தெரியாது. வருகிற பெண்ணிடம் இதைச் சொல்லுங்கள்: மாய்ஸ்சரைசர் தடவிப் பத்து நிமிடம் விட வேண்டும். நிறத்தைக் கழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். மங்கு உள்ள இடத்தில் மட்டும் மறைப்பு, மற்ற இடத்தில் மெல்லிசாக. பவுடர் மூக்கிலும் நெற்றியிலும் போதும், கண்ணுக்குக் கீழே போட்டால் கோட்டில் போய் உட்கார்ந்து அஞ்சு வயது கூட்டும். மினுமினுப்பு எதுவும் வேண்டாம். புருவம் கொட்டியிருந்தால் ஒவ்வொரு முடியாக வரைகிற மாதிரி மெல்லிய கோடு. உதட்டுக்கு அவர் உதட்டு நிறத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவே. முந்தின ரெண்டு நாள் மஞ்சள் பூச வேண்டாம், மேலே போடுகிற நிறம் மாறித் தெரியும். பொட்டும் பூவும் அவர் முடிவு. நீங்களாக எடுத்து நெற்றியில் ஒட்டிவிட்டு "இப்ப எல்லாம் மாறிருச்சும்மா" என்று பேசாதீர்கள். உங்களுக்கு மாறியிருக்கலாம். மண்டபத்தில் பங்காளி வீட்டுப் பெண்கள் முன்னால் நாள் முழுக்க உட்காரப் போவது அவர்.

இப்போது அந்த டியூப். எனக்கு உங்கள் கேள்வியில் உறுத்தியது இதுதான். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்து, பத்து நாளில் வெளுத்துக் கொடுத்த கிரீம் என்றால் பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். டியூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். கூடவே ஹைட்ரோகுயினோனும் இருக்கலாம். டாக்டர் பார்த்துக் கொடுத்தால், சில வாரத்துக்கு மட்டும் போட வேண்டிய மருந்துகள் இவை. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் எரிந்து சிவந்து முன்னைவிடக் கருக்கும். 61 வயதில் ஏற்கெனவே மெலிந்த தோல். கம்பெனிப் பெயரோ சேர்மானமோ எழுதாத டப்பா கிரீமாக இருந்தால் பாதரசம் கலந்திருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நிறையக் காலமாகப் போடுகிறார் என்றால் சட்டென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள், தோல் டாக்டரிடம் டியூபையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் பேசும்போது, டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து பொடிசாக இருக்கும், அம்மாவால் படிக்க முடியாது.